ஸ்கேனர் சொன்னது சர்க்யூட், அட்வைசர் சொன்னது கியர்பாக்ஸ்

பி0760. ஸ்கேனர் திரையில் இந்த எண் வந்தால் அதற்குப் பொருள், 'ஷிஃப்ட் சோலினாய்டு சி' என்பதன் சர்க்யூட்டில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான். சோலினாய்டு போய்விட்டது என்றுகூட அது சொல்லவில்லை. கியர்பாக்ஸே போய்விட்டது என்று சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு எண்ணைக் காட்டியே, என் காரின் இன்றைய மார்க்கெட் விலையில் பாதிக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள்.

வண்டி பழசு. நாலு கியர் ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக், டார்க் கன்வெர்ட்டர் வைத்த அசல் ஆட்டோமேட்டிக். வெள்ளம் பார்த்த வண்டி இல்லை, இடித்த வண்டியும் இல்லை. கோளாறு இப்படித்தான் வரும்: காலையில் கிளம்பினால் ஒரு குறையும் இருக்காது. சென்னை மத்திய கைலாஷில் திரும்பி ஓ.எம்.ஆர். பிடித்து, டைடல் பார்க், எஸ்.ஆர்.பி. டூல்ஸ் என்று நின்று நின்று ஊர்ந்தால், அரை மணி நேரம் கழித்து பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு உதை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அதன்பிறகு சிக்னலில் கிளம்ப ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் முக்கும், வண்டி கிழவனைப் போல் எழுந்து நகரும். வேகம் எடுத்துவிட்டால் சாதாரணமாக ஓடும், ஆனால் கியர் மாறவே மாறாது. ஓரம்கட்டி, அணைத்து, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "சார், கியர்பாக்ஸ் உள்ள இஷ்யூ. நாங்க ஓப்பன் பண்றதில்ல. அசெம்பிளியா மாத்திடலாம், வாரண்டியும் வரும்."

"சோலினாய்டு மட்டும் செக் பண்ணிப் பாக்கலாமா?"

"அதுக்கு எங்ககிட்ட ப்ரொசீஜர் இல்ல சார்."

அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்று ஓடுபவற்றில் பெரும் கூட்டம் 2014-இல் செலேரியோ கொண்டு வந்த ஏ.எம்.டி. வகை. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் நம் கால் கைக்குப் பதில் ஒரு கருவி. டார்க் கன்வெர்ட்டர் பெட்டியைப் பிரித்துப் பழகிய கை சென்னையில் குறைவு. பழகாத கை பெட்டியோடு மாற்றச் சொல்கிறது. அதில் எனக்குக் கோபம் இல்லை, பணம்தான் இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் பிளானட்டரி கியர்கள் எப்போதும் பல்லோடு பல் கோத்தபடியே இருக்கும். எதைச் சுழல விடுவது, எதைப் பிடித்து நிறுத்துவது என்பதுதான் கியர் மாற்றம். பிடிப்பதும் விடுவதும் கிளட்ச், பிரேக் என்ற அடுக்குத் தகடுகள். அவற்றை அழுத்துவது எண்ணெய், அதாவது ஏ.டி.எஃப். அந்த எண்ணெயை எந்தப் பாதையில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் இடம் வால்வு பாடி. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ரா-மேட்டிக்கில் இந்தத் தீர்மானம் முழுக்க எண்ணெய் அழுத்தத்தை வைத்தே நடந்தது. மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. 1989-இல் கிறைஸ்லர் அல்ட்ராடிரைவ் என்ற பெட்டியைக் கொண்டு வந்தபோது கிளட்சுகளுக்கு எண்ணெய் அனுப்பும் பொறுப்பு கம்ப்யூட்டருக்கும் சோலினாய்டுகளுக்கும் போனது. சோலினாய்டு என்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள், நடுவே இரும்புத் தண்டு, அதைத் தள்ள ஒரு ஸ்பிரிங். கரண்ட் வந்தால் தண்டு ஒரு பக்கம், நின்றால் மறு பக்கம். வீட்டு வாஷிங் மெஷினில் தண்ணீரைத் திறந்து மூடுவதும் இதே சாதிதான்.

என் வண்டியின் பெட்டியில் ஐந்து சோலினாய்டு. ஒன்று டார்க் கன்வெர்ட்டருக்கு. மீதி நாலும் நாலு கிளட்ச், பிரேக்குகளுக்கு: யு.டி. (அண்டர்டிரைவ்), ஓ.டி. (ஓவர்டிரைவ்), செகண்ட், எல்.ஆர். (லோ-ரிவர்ஸ்). சர்வீஸ் மேனுவலில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், எந்தக் கியரில் எவை இரண்டு பிடிக்கும் என்று. முதல் கியரில் யு.டி.யும் எல்.ஆரும். இரண்டில் யு.டி.யும் செகண்டும். மூன்றில் யு.டி.யும் ஓ.டி.யும். நாலில் ஓ.டி.யும் செகண்டும். இந்தக் கட்டம் தெரியாமல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் யாரும் ஸ்பானர் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏனென்றால் கோளாறு எந்தக் கியர்களில் வருகிறது என்று கவனித்தாலே ஆளைப் பிடித்துவிடலாம். இரண்டிலும் நாலிலும் மட்டும் வழுக்கினால் இரண்டுக்கும் பொதுவான ஆள் யார்? செகண்ட் பிரேக். மூன்றிலும் நாலிலும் வழுக்கினால் ஓ.டி. கிளட்ச். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் வழுக்கி நாலு மட்டும் நன்றாக இருந்தால் யு.டி.

அப்புறம் அந்த உதை. இந்த வகைப் பெட்டியில் எல்லாச் சோலினாய்டுக்கும் கரண்டை நிறுத்திவிட்டால் எண்ணெய் தானாகவே மூன்றாம் கியரின் பாதையில் போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு சோலினாய்டின் சர்க்யூட்டில் தப்பு தெரிந்ததும் கம்ப்யூட்டர் ரிலேயை அணைத்துவிடும்; வண்டி மூன்றாம் கியரில் சிக்கிக்கொள்ளும், ரிவர்ஸும் வேலை செய்யும். லிம்ப் மோடு என்பது இதுதான். எப்படியாவது வீடு போய்ச் சேருங்கள் என்று விட்டுவைத்த வழி. அதனால் 'மூன்றாம் கியரில் மாட்டிக்கிச்சு, கியர்பாக்ஸ் காலி' என்று சொல்வது தப்பு. பாதுகாப்பு ஏற்பாடு சொன்னபடி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. (வேறு கம்பெனிப் பெட்டிகளில் மூன்றுக்குப் பதில் இரண்டாம் கியரில் நிற்கும். அல்ட்ராடிரைவ் அப்படித்தான்.)

இதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். கோளாறு வந்த நிலையில் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, டர்பைன் வேகத்தையும் (பெட்டிக்குள் வரும் சுற்று) அவுட்புட் வேகத்தையும் (வெளியே போகும் சுற்று) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் கியர் என் பெட்டியில் ஒன்றுக்கு ஒன்று. டர்பைன் 1500 சுற்றினால் அவுட்புட்டும் 1500 சுற்ற வேண்டும். என் மச்சான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டு எண்ணையும் வாசித்துக்கொண்டே வந்தான். ஒட்டிக்கொண்டே ஏறின, ஒட்டிக்கொண்டே இறங்கின. அப்படியென்றால் யு.டி.யும் ஓ.டி.யும் கொஞ்சமும் வழுக்காமல் பிடிக்கின்றன. தேய்ந்து போன கியர்பாக்ஸ் இப்படிப் பிடிக்காது. அசெம்பிளி எஸ்டிமேட்டை நான் மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டது இந்த இடத்தில்தான்.

ஸ்கேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் குமிழ் பெரும்பாலும் என்ஜின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். அதில் பி0700 என்று மட்டும் வரும். 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ சேதி இருக்கிறது, போய்க் கேள்' என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையே கேட்கும் ஸ்கேனர் வேண்டும். கேட்டபின் வரும் எண்ணின் கடைசி இலக்கத்தையும் பாருங்கள். சோலினாய்டு ஏ-யை எடுத்துக்கொண்டால், பி0753 என்பது மின்சாரக் கோளாறு. பி0751 என்றால் செயல்பாட்டில் குறை, அல்லது ஆஃப் நிலையில் சிக்கியது. பி0752 ஆன் நிலையில் சிக்கியது. மின்சாரக் கோளாறுக்கு மல்டிமீட்டர் எடுக்க வேண்டும். சிக்கியது என்றால் எண்ணெயையும் அழுக்கையும் பார்க்க வேண்டும். பி0732, பி0734 மாதிரி கியர் விகிதக் கோளாறு மட்டும் வந்து சோலினாய்டு எண் எதுவும் வராவிட்டால், கம்பிச் சுருள் பெரும்பாலும் தப்பித்தது. தேய்ந்த தகடோ, கிழிந்த சீலோ, அடைத்த வால்வோதான். அஞ்சு சோலினாய்டு எண்ணும் ஒரே நேரத்தில் வந்தால் அஞ்சும் ஒன்றாகச் செத்திருக்காது. ரிலே, ஃபியூஸ், எர்த், சோர்ந்துபோன பேட்டரி, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது, கருகிய வாடை இல்லை. கருத்துப் போய்க் கருகிய வாடை அடித்தால் தகடு தேய்ந்த கதை. சென்னைக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனையோ வண்டிகள் சக்கரம் முழுகத் தண்ணீரில் நின்றன. கியர்பாக்ஸுக்கு மேலே மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. தண்ணீர் அதுவரை ஏறினால் உள்ளே போய்விடும், எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் வரும். அந்த நிறத்தைப் பார்த்தால் சோலினாய்டை எல்லாம் மறந்துவிடுங்கள். வண்டியை ஸ்டார்ட்டே செய்யாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

இனி மீட்டர். எங்கள் ஏரியாவில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார். பழைய அம்பாசடர் டைனமோ காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். கியர்பாக்ஸ் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ஆனா தம்பி, காயில்னா காயில்தான். ஹாரன்ல இருந்தா என்ன, கியர்ல இருந்தா என்ன." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் மேல் கப்ளர் தெரிந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கப்ளரை உருவி, கியர்பாக்ஸ் பக்கத்துப் பின்களில் ஓம் அளந்தோம். இங்கே வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. எங்கள் பெட்டியில் எல்லாச் சோலினாய்டுக்கும் 12 வோல்ட் பொதுவாக வருகிறது, கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் எர்த்தையும் தனித்தனியாகக் கொடுக்கிறது. அதனால் பொதுப் பின்னுக்கும் ஒவ்வொரு பின்னுக்கும் நடுவே அளக்க வேண்டும். டொயோட்டாவில் பல பெட்டிகளில் சோலினாய்டின் ஒரு முனை உடம்பிலேயே எர்த். அங்கே பின்னுக்கும் பாடிக்கும் நடுவே அளப்பார்கள். எண்ணும் வேறு. டொயோட்டாவின் ஆன்-ஆஃப் சோலினாய்டு 11 முதல் 15 ஓம், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் லீனியர் சோலினாய்டு 5 ஓமைக் கொஞ்சம் தாண்டும். எங்கள் வண்டியின் மேனுவல் கேட்பது 20 டிகிரியில் 2.7 முதல் 3.4 ஓம். இவ்வளவு சின்ன அளவில் மீட்டர் ஒயரே கால் ஓம் காட்டும். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் நல்ல சோலினாய்டுக்குக் கெட்ட பெயர் வரும்.

நாலும் மூன்று ஓமை ஒட்டி வந்தன. ஸ்கேனர் சொன்ன 'சி', அதாவது செகண்டும்தான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "எல்லாம் கரெக்டா இருக்கே தம்பி?" பல ஒர்க்‌ஷாப்பில் விசாரணை இந்த இடத்தில் முடிந்துவிடும். சோலினாய்டு ஓகே, கம்ப்யூட்டர் போச்சு, அல்லது கியர்பாக்ஸ் போச்சு என்பார்கள். ஆனால் கோளாறு வருவது சூட்டில். அளந்தது காலை நேரத்தில், இரவெல்லாம் நின்ற வண்டியில்.

செம்புக் கம்பி சூடானால் அதன் ஓம் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். 20 டிகிரியில் 3 ஓம் என்றால் 80 டிகிரி எண்ணெயில் 3.7 வரை வர வேண்டும். வந்தால் அது ஆரோக்கியம். சூட்டில் உள்ளே எங்காவது கம்பி விரிந்து ஒட்டு விட்டால் எண்ணே வராது.

அதனால் சிறுசேரி வரை ஓட்டி, விளக்கு எரிந்ததும் நேராக அண்ணன் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஏர் ஃபில்டர் பெட்டியை முன்கூட்டியே ஒரே ஒரு போல்ட்டில் தொங்க விட்டிருந்தோம், ஆறுவதற்குள் அளக்க வேண்டுமே. கையுறை கட்டாயம், ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் சுற்றும் என்பதால் பேட்டரி ஒயரைக் கழற்றுவதும் கட்டாயம். யு.டி. 3.7. ஓ.டி. 3.7. எல்.ஆர். 3.6. செகண்டில் மீட்டர் ஓ.எல். என்று காட்டியது, அதாவது சர்க்யூட் ஓபன். கரண்ட் போக வழியே இல்லை.

இத்தோடு சந்தோஷப்பட்டு சம்பை, அதாவது கியர்பாக்ஸின் எண்ணெய்த் தட்டைக் கழற்றக் கூடாது. கியர்பாக்ஸ் பக்கம் அளந்ததால் வெளி ஒயரிங் தப்பித்தது என்பது சரி, ஆனால் கப்ளருக்கும் சோலினாய்டுக்கும் நடுவே உள்ளே ஒரு குட்டி ஒயரிங் உண்டு. அதுவும் எண்ணெயில் ஊறி, சூட்டில் விறைத்துப் போகும். வெளி ஒயரிங்கிலும் தனியாக வேறு கோளாறு இருக்கலாம். அதற்கு அண்ணன் வழி எனக்குப் பிடித்திருந்தது: ஓம் அளப்பதில்லை, பல்ப் போடுகிறார். பத்து இழை ஒயரில் ஒன்பது அறுந்து ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் 'சரி' என்றுதான் சொல்லும். கம்ப்யூட்டர் கப்ளரையும் கழற்றிவிட்டு, அந்த ஒயர் வழியாக 21 வாட் ஸ்டாப் லைட் பல்பை எரிய வைத்தால், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஆம்பியர் ஓடியாக வேண்டும். பல்ப் மங்கினால் ஒயர் கெட்டது. எங்களுடையது பளிச்சென்று எரிந்தது. ஒயரைப் பிடித்து ஆட்டினார், மடக்கினார், வெளிச்சம் அசையவில்லை. கப்ளருக்குள் பச்சை பூக்கவில்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. எண்ணெய்க் கசிவைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மெர்சிடிஸின் பழைய ஐந்து கியர் பெட்டியில் கப்ளர் சீல் கசிந்து, எண்ணெய் ஒயருக்குள்ளேயே ஊர்ந்து கம்ப்யூட்டர் வரை போவது உலகம் அறிந்த நோய்.

சம்பைக் கழற்றும் வேலையை ஆட்டோமேட்டிக் பெட்டி பிரித்த அனுபவம் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். வால்வு பாடி அருகே தூசி பறக்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது. சம்பில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் கூழ் படிந்திருந்தது. அது இயல்பு. பளபளவென்று செதில் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

செகண்ட் சோலினாய்டைத் தனியே கழற்றி மேசையில் வைத்து மீட்டரை மாட்டினோம். 3.0. ஹீட் ஷ்ரிங்க் டியூப்புக்கு வைத்திருக்கும் ஹாட் ஏர் கன்னைத் தூரத்திலிருந்தே காட்டினார் அண்ணன். 3.1. 3.3. 3.5. ஓ.எல். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெதுவாக ஒரு தட்டு, 3.6. இன்னொரு தட்டு, ஓ.எல். சுருளின் கம்பி டெர்மினலோடு சேரும் ஒட்டு விட்டிருக்கிறது. மெக்கானிக், அண்ணன், நான், டீ கொண்டு வந்த பையன் எல்லோரும் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

'டக் டக்' சத்தச் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். 12 வோல்ட்டைத் தொட்டு 'டக்' என்றால் சோலினாய்டு நல்லது என்பார்கள். தண்டு அசைகிறது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. எண்ணெய் முழுசாகப் போகிறதா, மூடினால் கசியாமல் நிற்கிறதா என்று அதில் தெரியாது. அதோடு 3 ஓம் சோலினாய்டில் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 4 ஆம்பியர் பாயும். அதிக நேரம் வைத்தால் நல்ல சுருளும் வெந்துவிடலாம். லீனியர் சோலினாய்டைச் சோதிக்கும்போது நடுவே 21 வாட் பல்பைத் தொடராகப் போடச் சொல்கிறது டொயோட்டா மேனுவல். அந்தப் பழக்கம் எல்லா வண்டிக்கும் நல்லது.

புது சோலினாய்டு ஜி.பி. ரோடில் ஆர்டர் சொல்லி வாங்கினேன். புதுப்பேட்டையில் கழற்றிய வால்வு பாடி முழுசாகவே மலிவாகக் கிடைத்தது. வேண்டாம் என்று விட்டேன். அதே வயசு, அதே சூடு பார்த்த சுருள்கள்தானே அதிலும். ஓ-ரிங் எல்லாம் புதிது, ஃபில்டர் புதிது, எண்ணெய் மேனுவல் சொன்ன எஸ்.பி. 3 மட்டும். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று டப்பாவில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. வால்வு பாடி போல்ட்டுகளுக்குப் பத்து நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் இறுக்கம். பலம் காட்டினால் பாடி வளைந்து வேறு வால்வு சிக்கும்.

முடித்ததும் ஸ்கேனரில் பழைய கற்றலை அழிக்க வேண்டும். சோர்ந்த சோலினாய்டுக்கு ஏற்றபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகிய கம்ப்யூட்டர், புதுசிலும் அதையே செய்யும். அழித்த பிறகு கொஞ்ச தூரம் கியர் மாற்றம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும். எண்ணெய் அளவையும் சூட்டில்தான் பார்க்க வேண்டும்: என்ஜின் ஓடியபடி, லீவரை எல்லா நிலையிலும் ஒரு சுற்றுக் கொண்டுபோய் வந்து, 70-80 டிகிரியில். என் வண்டியில் இப்போது இரண்டாம் கியரில் விகிதம் 1.55-ஐ ஒட்டியே நிற்கிறது, நாவலூர் நெரிசலிலும்.

சி.வி.டி. வைத்திருப்பவர்களுக்கு: ஓம் அளப்பது, சூட்டில் அளப்பது, பல்ப் சோதனை எல்லாம் உங்களுக்கும் பொருந்தும், கியர் கட்டம் மட்டும் பொருந்தாது, உங்கள் பெட்டியில் படிப்படியாக மாறும் கியரே இல்லை. ஏ.எம்.டி.யில் உதைத்தால் முதலில் கிளட்சைப் பாருங்கள். டார்க் கன்வெர்ட்டர்காரர்கள் சர்வீஸ் மேனுவல் தேடும்போது காரின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், மேனுவல் கியர் மாடலின் படம்தான் முதலில் வந்து நிற்கும். கியர்பாக்ஸின் மாடல் எண்ணைக் கண்டுபிடித்து அதைப் போட்டுத் தேடுங்கள். அதே பெட்டி வேறு நாட்டில் வேறு பெயர் காரிலும் இருக்கும். கட்டமும் ஓம் அளவும் அங்கிருந்தே கிடைத்துவிடும்.